காரணம் எழுதப்படாத கோப்பு

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு சட்டமன்றத்திலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்கு மூன்று மசோதாக்கள் போயின. முதலாவது ஜல்லிக்கட்டுக்கானது. ஜனவரி 23 அன்று, மெரினாவில் திரண்டிருந்த இளைஞர்களைக் காவல்துறை அப்புறப்படுத்திய அதே நாளில், அது நிறைவேறியது. ஜனவரி 31 அன்று ஒப்புதல் வந்துவிட்டது. எட்டே நாள். மற்ற இரண்டும் நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டவை. அடுத்த சில நாட்களிலேயே நிறைவேறி அனுப்பப்பட்டவை. அவற்றுக்கு ஒப்புதல் இல்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் முடிவாகிவிட்டது. தமிழ்நாட்டு மக்களுக்கு அது தெரிந்ததோ 2019 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசுத் தரப்பு சொன்னபோதுதான். அதற்குள் மூன்று ஆண்டு மாணவர்கள் நீட் எழுதி முடித்திருந்தார்கள். மறுப்புக்கு என்ன காரணம் என்பது அப்போதும் சொல்லப்படவில்லை.

நீட் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. அதில் யாருடைய கருத்து எதுவாக இருந்தாலும், ஒரு சட்டமன்றத்துக்குப் பதில் வந்து சேர்ந்த விதம் மனத்தை உறுத்துகிறது. மறுத்தவர் யார்? ஏட்டில் குடியரசுத் தலைவர். நடப்பில் ஒன்றிய அமைச்சரவை. இன்னும் நெருங்கிப் போனால் சில அமைச்சகங்களின் மேசைகள். காரணம் கேட்க வேண்டுமானால் இவர்களில் யாரிடம் போவது? குடியரசுத் தலைவர் தம் பதவியின் அதிகாரங்களைச் செலுத்தியதற்காக எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 361ஆவது பிரிவு. அவருக்கு அமைச்சர்கள் தந்த ஆலோசனை என்ன என்று நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிறது 74ஆவது பிரிவு. அமைச்சரவையின் முடிவு குடியரசுத் தலைவரின் பெயருக்குள் மறைந்துகொள்கிறது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குள் மறைந்துகொள்கிறார். வெளியில் நிற்பவருக்கு ஒரு கையெழுத்து மட்டும் தெரிகிறது.

இந்தப் பதவி எதற்காக இருக்கிறது என்ற பழைய கேள்வியை மறுபடி எடுத்துப் பார்க்க இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

53ஆவது பிரிவைப் படித்தால் இவரைப் போல வலிமையானவர் வேறு யாரும் இல்லை என்று தோன்றும். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் முழுவதும் அவரிடம் இருக்கிறது. முப்படைகளின் உச்சத் தலைமை அவருடையது. பிரதமரையும் ஆளுநர்களையும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் நியமிப்பவர் அவர். 74ஆவது பிரிவுக்கு வந்தால் அத்தனையும் கைமாறிவிடுகிறது. பிரதமரின் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்கும், அது அவருக்கு உதவியும் ஆலோசனையும் தரும். அந்த ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவரா என்பதை 1950இல் நடைமுறைக்கு வந்த வாசகம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் 1948 நவம்பர் 4 அன்று வரைவை அரசமைப்பு அவையின் முன் வைத்தபோதே அம்பேத்கர் அதை ஐயமின்றி விளக்கியிருந்தார்: இங்கிலாந்தில் மன்னருக்கு என்ன இடமோ அதே இடம்தான் இவருக்கும், நாட்டின் உருவமாக இருப்பார், நாட்டை ஆள மாட்டார்.

முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கு இது எளிதில் செரிக்கவில்லை. 1951இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தபோது, அதில் தாம் சொந்தமாக முடிவெடுக்க விரும்புவதாக நேருவுக்கு எழுதினார். நேரு இரண்டு சட்ட அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். ஒருவர் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட். மற்றவர் சென்னையின் பெரும் வழக்கறிஞரும் வரைவுக் குழு உறுப்பினருமான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அமைச்சரவையை மீறிச் செயல்படக் குடியரசுத் தலைவருக்கு இடமில்லை என்று இருவருமே சொன்னார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1960 நவம்பரில், டெல்லியில் இந்தியச் சட்டக் கழகத்தின் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரசாத் அதே கேள்வியை எழுப்பினார். இங்கிலாந்து மன்னரையும் நம் குடியரசுத் தலைவரையும் ஒன்றாகவே எண்ணுவது சரியா என்பதை அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றார்.

பிரசாத் எதற்காக அந்த அதிகாரத்தைக் கேட்டார் என்பதில் எனக்கு உடன்பாடு துளியும் இல்லை. பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரவிருந்த சட்டத்தைத் தடுக்க நினைத்தார். அவருக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டது இந்த நாட்டின் நல்லூழ். ஆயினும், ஒரு மனிதரை அவ்வளவு உயரத்தில் அமர்த்தி, அரசமைப்பைப் பாதுகாப்பேன், காப்பேன் என்று உறுதிமொழியும் வாங்கிக்கொண்டு, எதைக் கொண்டு காப்பது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறோமே என்ற அவருடைய தவிப்பில் நியாயம் இருக்கிறது. அமைச்சர்களின் உறுதிமொழி வேறு, அவருடையது வேறு. அவர்கள் அரசமைப்புக்கு விசுவாசமாக இருப்போம் என்கிறார்கள். அவர் அதைக் காப்பேன் என்கிறார்.

அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இங்கே பார்க்க வேண்டும். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் தனி அதிகாரம் கேட்பார் என்று நேரு அஞ்சினார். நாடாளுமன்றம் மட்டும் தேர்ந்தெடுத்தால் ஆளும் கட்சியின் ஆளாகவே இருந்துவிடுவார் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள். 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒவ்வொரு வாக்குக்கும் மதிப்பு உண்டு. உத்தரப் பிரதேச உறுப்பினரின் வாக்குக்கு 208, தமிழ்நாட்டு உறுப்பினரின் வாக்குக்கு 176, சிக்கிம் உறுப்பினரின் வாக்குக்கு 7. நம் 234 பேரும் சேர்ந்தால் 41,184. குடியரசுத் தலைவர் டெல்லிக்கு மட்டும் உரியவரல்லர், மாநிலங்களுக்கும் உரியவர் என்பது இந்தக் கணக்கின் பொருள். பதவி நீக்கத் தீர்மானத்தில் வாக்களிக்கும் உரிமை மட்டும் மாநிலங்களுக்கு இல்லை. அனுப்பி வைக்கலாம், திரும்ப அழைக்க முடியாது.

அப்படியானால் அவரிடம் மிஞ்சியிருப்பது என்ன? கேட்கும் உரிமை. 78ஆவது பிரிவின்படி, அரசின் நிர்வாகத்தைப் பற்றியும் சட்டமுயற்சிகளைப் பற்றியும் எந்தத் தகவலைக் கேட்டாலும் பிரதமர் தர வேண்டும். ஓர் அமைச்சர் தனியாக எடுத்த முடிவை அமைச்சரவை முன் வைக்கச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. சிறிய உரிமை போலத் தோன்றும். இந்தப் பதவியின் உயிர் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அது எவ்வளவு பெரியது என்பதை நாடு கற்றுக்கொண்டது 1975 ஜூன் 25 இரவில்.

அன்று இந்திரா காந்தி குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நெருக்கடி நிலையை உடனே அறிவிக்க வேண்டும், அமைச்சரவையைக் கூட்ட இன்றிரவு நேரமில்லை, அலுவல் விதிகளில் அதற்கு விலக்கு உண்டு என்பது அதன் சாரம். குடியரசுத் தலைவரின் செயலாளராக இருந்தவர், அந்தக் கடிதம் அரசமைப்புப்படி ஏற்கத்தக்கதல்ல என்று அவரிடம் எடுத்துச் சொன்னார். இதை நெருக்கடி நிலையைப் பின்னர் விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சற்று நேரத்தில் அந்தச் செயலாளர் குடியரசுத் தலைவரின் அறைக்குத் திரும்பி வந்தபோது கையெழுத்து ஆகிவிட்டிருந்தது. அமைச்சரவை மறுநாள் காலை 6 மணிக்குக் கூடி, நடந்து முடிந்ததற்கு இசைவு தந்தது.

அன்றிரவு பக்ருதீன் அலி அகமது மறுத்திருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. அமைச்சரவை கூடியதா என்று கேட்டிருக்கலாம். கூட்டிவிட்டு வாருங்கள், விடியும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எந்தச் சட்டமும் தடையாக இல்லை. அந்த நான்கைந்து மணி நேரத்தில் ஓர் அமைச்சராவது வாய் திறந்திருப்பாரா, அரசியல் வேறு பக்கம் திரும்பியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஒருவேளை எதுவுமே மாறியிருக்காது. ஆனால் நாட்டின் முதல் குடிமகன் ஒரு கேள்வி கேட்டார் என்பது பதிவாகியிருக்கும். குளியல் தொட்டியில் படுத்தபடியே கதவிடுக்கு வழியாக அவர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு நீட்டுவதாக அபு ஆபிரகாம் அந்த ஆண்டு வரைந்த கேலிச்சித்திரம் இன்றும் நினைக்கப்படுகிறது என்றால், கேட்காமல் போட்ட கையெழுத்தை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

நெருக்கடி நிலைக் காலத்திலேயே 42ஆவது திருத்தம் வந்து, அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. 1978இல் ஜனதா ஆட்சியின் 44ஆவது திருத்தம் அதை நீக்கவில்லை. ஆனால் இரண்டு காரியம் செய்தது. நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டுமானால் அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்து சேர வேண்டும் என்றது. இரண்டாவதாக, எந்த ஆலோசனையையும் ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பக் குடியரசுத் தலைவருக்கு உரிமை தந்தது. மீண்டும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றாக வேண்டும். ஒரே ஒரு முறை, ‘இன்னொருமுறை யோசியுங்கள்’ என்று சொல்லலாம். பிரசாத் தேடியதற்கு விடை கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது. ஆட்சியைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆட்சியைச் சிந்திக்க வைக்கும் அதிகாரம் உண்டு.

கிடைத்த உரிமையை யார் பயன்படுத்தினார்கள், யார் பயன்படுத்தவில்லை என்பதுதான் அதன் பிறகான வரலாறு. இங்கே பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமனிடம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. காமராஜர் அமைச்சரவையில் தொழில்துறையைக் கவனித்து, இந்த மாநிலத்துத் தொழிற்பேட்டைகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அவர். 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்து, நான்கு பிரதமர்களோடு பணியாற்றினார். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நாட்களில் நிதானமாக நடந்துகொண்டார். குடியரசுத் தலைவர் பதவியை மின்சாரம் போனதும் தானே எரிந்து, வந்ததும் தானே அணையும் அவசர விளக்குக்கு ஒப்பிட்டவர் அவர்தான். இந்தப் பதவியைப் பற்றி இதைவிடப் பொருத்தமாக யாரும் சொன்னதில்லை.

1991 ஜனவரி 30 அன்று கருணாநிதியின் அரசு கலைக்கப்பட்டபோது கையெழுத்திட்டவரும் அவர்தான். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைப்புக்கு ஆதரவாக அறிக்கை அனுப்ப மறுத்துவிட்டார். ஆளுநரின் அறிக்கை இல்லாமலும் குடியரசுத் தலைவர் முடிவுக்கு வரலாம் என்று 356ஆவது பிரிவு விட்டிருக்கும் இடைவெளி பயன்படுத்தப்பட்டது. பரிந்துரைத்தது சந்திரசேகரின் அரசு. மக்களவையில் அறுபதுச் சொச்சம் உறுப்பினர்களோடு, காங்கிரசின் வெளி ஆதரவில் நின்ற அரசு. கலைக்கப்பட்டது, சட்டமன்றத்தில் பெரும்பான்மையை இழக்காத அரசு. விடுதலைப் புலிகளின் நடமாட்டம் பற்றிய குற்றச்சாட்டுகள் இருந்தன. அவற்றில் சிலவற்றைப் புறந்தள்ளிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; 1990 ஜூனில் சென்னையிலேயே ஈழப் போராளி இயக்கத் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆனால் மாநிலத்தில் இருந்து நிலைமையைக் கண்ணால் பார்க்கும் ஆளுநரே எழுத மறுக்கிறார் என்றால், அந்தக் கோப்பு ஒருமுறையாவது திரும்பிப் போயிருக்க வேண்டாமா? விளக்கு எரிந்திருக்க வேண்டிய இரவு அது. பர்னாலா பீகாருக்கு மாற்றப்பட்டார். அங்கே போக விரும்பாமல் பதவி விலகினார்.

1994இல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மை சோதிக்கப்பட வேண்டிய இடம் சட்டமன்றம் என்றது. 356ஆவது பிரிவின் கீழ் வரும் அறிவிப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பை உள்வாங்கிக்கொண்டு மாளிகைக்குப் போனவர் கே.ஆர். நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்கும்படி குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. சட்டமன்றத்தில் கல்யாண் சிங் அப்போதுதான் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றிருந்தார். நாராயணன் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மறுபடி கூடியது, பரிந்துரையைக் கைவிட்டது. 1998 செப்டம்பரில் பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை கேட்டபோதும் அவர் திருப்பினார், அப்போதும் கைவிடப்பட்டது. முதல்முறை காப்பாற்றப்பட்டது பாஜக ஆட்சி, இரண்டாம் முறை பாஜகவின் எதிரணி ஆட்சி. யாருடைய ஆள் என்று எவரும் அவரைச் சொல்ல முடியாமல் போனது அதனால்தான். பிரதமரை நியமிக்கும்போதும் எந்த அடிப்படையில் அந்த முடிவுக்கு வந்தேன் என்று அறிக்கை வெளியிட்டார். காரணம் சொல்வதால் பதவியின் மாண்பு குறைந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை இந்தப் பதவியை அதன் முழு அளவுக்கு வாழ்ந்தவர் அவர்தான்.

நாம் நெஞ்சில் வைத்திருக்கும் ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாமிடம் இரண்டு முகங்களும் உண்டு. 2005 மே மாதம் அவர் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை நள்ளிரவு கடந்து போய்ச் சேர்ந்தது. கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி விலகல் கடிதம்கூட எழுதிவிட்டதாகப் பின்னர் அவரே நூலில் எழுதினார். மன்மோகன் சிங்கின் வேண்டுகோளால் அதைக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தெந்தப் பதவிகளை வகிக்கலாம் என்பது பற்றிய ஆதாயப் பதவி மசோதாவை நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். இரு அவைகளும் அப்படியே மறுபடி நிறைவேற்றின. ஆகஸ்டில் ஒப்புதல் தந்தார். தோற்றுவிட்டார் என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான, நியாயமான ஓர் அளவுகோல் வேண்டாமா என்று அவர் எழுப்பிய கேள்வி அந்தச் சட்டத்தின் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. பின்னால் வருகிற எவரும் அதை எடுத்துப் படிக்கலாம்.

இதோடு, வெங்கட்ராமனுக்கு முன்பு இந்தப் பதவியில் இருந்த ஜெயில் சிங் செய்ததை வைத்துப் பார்க்க வேண்டும். 1986இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த அஞ்சலகத் திருத்த மசோதா, குடிமக்களின் கடிதங்களை இடைமறித்துப் பிரிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. இரு அவைகளும் நிறைவேற்றிய பின் ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 111ஆவது பிரிவில் காலக்கெடு இல்லாததால் அது அப்படியே கிடந்தது. அடுத்து வந்த வெங்கட்ராமன் 1990இல் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பினார். அது சட்டமாகவே ஆகவில்லை. அந்த விளைவில் பலரையும் போல எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 2023இல் புதிய அஞ்சலகச் சட்டம் வந்தபோது, அஞ்சலை இடைமறிக்கும் அதிகாரம் அதில் இடம்பெற்றது. கடிதம் எழுதுபவனின் அந்தரங்கத்தை ஏன் காக்க வேண்டும் என்று ஜெயில் சிங் ஒரு பக்கமாவது எழுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தால், 2023இல் அதை எடுத்து வாசிக்க முடிந்திருக்கும். மௌனம் ஒரு மசோதாவை நிறுத்தலாம். அடுத்த மசோதாவுக்கு எதிராக வாதாட அதனால் முடியாது.

மௌனத்தின் கொடிய முகத்தைத் தமிழ்நாடு கருணை மனுக்களில் பார்த்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு காவலர்களும் பொதுமக்களும் மாண்டார்கள். அவர்களுடைய குடும்பங்களின் இழப்பை எந்த வாதத்தின் பொருட்டும் நாம் சிறிதாக்கிவிடக் கூடாது. அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரின் கருணை மனுக்கள் 2000ஆம் ஆண்டு குடியரசுத் தலைவருக்குப் போயின. நிராகரிக்கப்பட்டது 2011 ஆகஸ்டில். பதினோரு ஆண்டுகள். அதில் பெரும் பகுதி உள்துறை அமைச்சகத்தில் கழிந்தது. கே.ஆர். நாராயணனும் அப்துல் கலாமும் பதவிக்காலம் முடிந்து போய்விட்டார்கள். பிரதிபா பாட்டீலின் காலத்தில் முடிவு வந்தது. செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று, இவ்வளவு நீண்ட, விளக்கமில்லாத தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் ஆயுள் சிறையாகக் குறைத்தது.

தூக்குக் கொட்டடியில் இருப்பவனுக்குப் பதினோரு ஆண்டு என்பது என்ன? ஒவ்வொரு காலையும் சிறை அலுவலரின் காலடி ஓசையில் அவன் தன் பதிலைத் தேடுகிறான். 72ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்குக் கருணை காட்டும் அதிகாரத்தைத் தந்தபோது, காக்கவைத்துத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. நிராகரிப்பதானால் ஓர் ஆண்டில் நிராகரித்திருக்கலாம், மன்னிப்பதானால் ஓர் ஆண்டில் மன்னித்திருக்கலாம். இரண்டுமே ஒரு மனிதனை மனிதனாக எண்ணிச் சொல்லும் பதில்கள். கதை அதோடு முடியவும் இல்லை. 2018 செப்டம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை, இந்த மூவர் உட்பட அந்த வழக்கில் தண்டனை பெற்ற எழுவரின் விடுதலையைப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து, 2021இல் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அப்படி அனுப்பியதற்கு அரசமைப்பில் ஆதாரம் இல்லை என்று சொல்லி, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது.

இப்போது மசோதாக்களுக்குத் திரும்பலாம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி, அது மறுபடி நிறைவேறி வந்தால் ஒப்புதலை மறுக்கக் கூடாது என்கிறது 111ஆவது பிரிவு. கலாம் கையெழுத்திட்டது அதனால்தான். மாநில மசோதாக்களுக்கான 201ஆவது பிரிவில் அந்த வாசகம் இல்லை. அவர் திருப்பி அனுப்பினால் சட்டமன்றம் 6 மாதத்துக்குள் மறுபடி ஆராய வேண்டும். மீண்டும் நிறைவேற்றி அனுப்பினாலும் அவர் மறுக்கலாம். அவருக்கு எந்தக் கெடுவும் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குக் காலம் உண்டு. அந்த அவையும் சேர்ந்து தேர்ந்தெடுத்தவருக்குக் காலம் இல்லை. கூட்டாட்சியின் மேல் நம் அரசமைப்பில் விழுந்திருக்கும் ஆழமான கீறல்களில் இது ஒன்று என்பேன்.

இதைச் சரிசெய்ய யாரும் சொல்லாமல் இல்லை. ஒன்றிய, மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையமும் பூஞ்சி ஆணையமும் காலவரம்பு வேண்டும் என்றன. உள்துறை அமைச்சகமே 2016 பிப்ரவரியில், மாநில மசோதாக்களின் மேல் 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அலுவலகக் குறிப்பு அனுப்பியது. அதற்கு அடுத்த ஆண்டுதான் நம்முடைய இரண்டு நீட் மசோதாக்களுக்கு அந்தக் கதி. 2021இல் மறுபடி ஒரு நீட் விலக்கு மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பினார். 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. அது டெல்லி போனது. அமைச்சகங்கள் கேள்வி கேட்டன, மாநில அரசு விளக்கம் அனுப்பியது. சுமார் மூன்று ஆண்டு கழித்து, 2025 ஏப்ரல் 4 அன்று, மசோதா நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நான்கே நாளில், ஏப்ரல் 8 அன்று, உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆளுநர் நிறுத்திவைத்து, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய பிறகு குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிடப்பட்ட பத்து மசோதாக்கள் பற்றிய வழக்கு அது. பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் தொடர்பானவை. அவற்றில் மிகப் பழையது 2020 ஜனவரியில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் பெயரால் ஒன்றுக்கு ஒப்புதல் வந்தது, ஏழுக்கு மறுப்பு வந்தது, இரண்டு கிடப்பில் இருந்தன. பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றது தீர்ப்பு. குடியரசுத் தலைவரும் 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், தாமதமானால் காரணத்தை மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும் என்றது. அடுத்த மாதமே, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது: குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளவும் முடியாது, ஆளுநர் காரணமில்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால், முடிவெடுங்கள் என்று மட்டும் சொல்லலாம்.

நீதிமன்றம் கெடு விதிப்பது சரியா என்பதில் நேர்மையான கருத்து வேறுபாட்டுக்கு இடம் உண்டு. அரசமைப்பில் இல்லாத ஒரு வாசகத்தை நீதிபதிகள் எழுதிச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களை மாநில உரிமைக்கு எதிரிகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குடியரசுத் தலைவர் தம்முடைய காலவரம்பைப் பற்றி 14 கேள்விகளை எழுத்தில் கேட்க முடியும் என்றால், ஒரு மாநிலத்தின் மசோதாவை மறுக்கும்போது 14 வரிகளில் காரணத்தை எழுதித் தரவும் முடியும். அதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. நீதிமன்ற ஆணை தேவையில்லை. இந்தக் காரணத்தால் மறுக்கலாம் என்று ஆலோசனை சொல்கிறீர்கள், அதை மாநிலத்துக்கு எழுதி அனுப்பலாமா என்று 78ஆவது பிரிவின் கீழ் பிரதமரிடம் கேட்டால் போதும்.

காரணம் சொன்னால் குடியரசுத் தலைவர் அரசியல் சர்ச்சைக்குள் இழுக்கப்படுவார் என்பது வழக்கமான மறுப்பு. காரணம் சொல்லாததால்தான் இன்று இழுக்கப்படுகிறார். யாரோ ஓர் அதிகாரி எழுதிய மறுப்புக்கு, ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து தன் உழைப்பால் உயர்ந்து வந்த ஒரு பழங்குடிப் பெண்மணியின் பெயர் திட்டப்படுகிறது. அவருக்கும் இது அநீதி.

2027 ஜூலையில் அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் வருகிறது. வேட்பாளர்கள் சென்னைக்கு வந்து ஆதரவு கேட்பது வழக்கம். 2022இல் திரௌபதி முர்முவும் வந்தார், யஷ்வந்த் சின்ஹாவும் வந்தார். சால்வை போர்த்தி, கூட்டணிக் கணக்குப்படி ஆதரவு தெரிவித்து அனுப்பிவிடுகிறோம். இந்த முறை, எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அவர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்த அவை நிறைவேற்றி அனுப்பும் மசோதாவுக்கு 3 மாதத்துக்குள் பதில் தருவீர்களா, மறுத்தால் காரணத்தை எழுதித் தருவீர்களா? உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைச் சொல்லுங்கள். கடிதமாக எழுதிக் கொடுங்கள். அவர் கையில் இருக்கும் 176 உங்களுடையது.